சட்டம் மீறி எடுத்த சான்று கோர்ட்டில் எப்போது நிற்கும், எப்போது விழும்: குற்ற வழக்கு நடத்துவோருக்கு

வாரன்ட் இல்லாமல் வீடு புகுந்தார்கள், எனவே எடுத்த பொருள் செல்லாது, எனவே வழக்கும் செல்லாது. இந்த மூன்று படிக் கணக்கை நம்பி இந்தியாவில் ஒரு குற்ற வழக்கை நடத்தினால் ஏமாற்றமே மிஞ்சும். அது அமெரிக்கக் கணக்கு. அங்கே 1914-ல் வீக்ஸ் வழக்கில் மத்திய நீதிமன்றங்களுக்கும், 1961-ல் மேப் வழக்கில் மாநில நீதிமன்றங்களுக்கும் அந்த விதி வந்தது. இங்கே அப்படி ஒரு பொது விதி கிடையாது.

இங்கே ஓடுவது பழைய ஆங்கிலேய விதி. சான்று வழக்கின் பொருளோடு தொடர்புடையதா என்றுதான் நீதிமன்றம் முதலில் கேட்கும். எப்படிக் கையில் வந்தது என்பது அதற்குப் பிந்திய கேள்வி. திருடிக்கொண்டு வந்த சான்றாக இருந்தாலும் ஏற்கலாம் என்று 1861-லேயே இங்கிலாந்தில் ஒரு நீதிபதி சொல்லிவிட்டார். 1955-ல் குருமா வழக்கில், காலனிகளின் மேல்முறையீடுகளை லண்டனில் விசாரித்த பிரிவி கவுன்சிலும் அதையே பிடித்துக்கொண்டது. கென்யாவில் ஒருவரிடம் இரண்டு துப்பாக்கி ரவைகள் சிக்கின. சோதனை போட்டவர்களுக்குச் சட்டம் கேட்ட பதவித் தகுதி இல்லை. ஆனாலும் ரவைகள் சான்றாயின, ஆளுக்கு மரண தண்டனை. எதிரிக்கு (அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு) அநியாயமாக முடியும் என்றால் நீதிபதி தன் விருப்புரிமையில் சான்றை ஒதுக்கலாம் என்ற ஒரு வரியும் அந்தத் தீர்ப்பில் உண்டு. இங்கே அந்த வரியை மட்டும் நம்பி வாதாடுவது பலன் தருவது அபூர்வம்.

1973-ல் பூரன்மல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதிப்படுத்தியது: அரசியலமைப்போ வேறு சட்டமோ வெளிப்படையாகவோ உள்ளடக்கமாகவோ தடுக்காதவரை, சட்டவிரோதத் தேடுதலில் கிடைத்த சான்றை வெளியே தள்ள முடியாது. இதை மாற்றலாம் என்று சட்ட ஆணையம் 1983-ல் தன் 94-வது அறிக்கையில் யோசனை சொன்னது. சாட்சியச் சட்டத்தில் 166ஏ என்று ஒரு புதிய பிரிவு, அதன் மூலம் இத்தகைய சான்றை ஏற்க மறுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு. அது நடக்கவில்லை. பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்திலும் அந்தப் பிரிவு இல்லை.

ஆகவே வேலையை எங்கே தொடங்க வேண்டும் என்றால், 'தடுக்காதவரை' என்ற அந்தச் சொல்லில்.

முதல் வேலை: பிழையைத் தரம் பிரிப்பது

குற்றப்பத்திரிகை நகல்கள் கைக்கு வந்ததும் (பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 230) ஒவ்வொரு சான்றுக்கும் எதிரே அதில் உள்ள குறையை எழுதுங்கள். பிறகு அந்தக் குறை எந்தக் கூடையில் விழுகிறது என்று பாருங்கள். சட்டமே வாயை மூடச் சொன்ன சான்று ஒரு கூடை: போலீசிடம் கொடுத்த ஒப்புதல், வற்புறுத்திப் பெற்ற வாக்குமூலம். ஒரு தனிச் சட்டம் 'இப்படித்தான் செய்' என்று கட்டாயமாக்கி, நீதிமன்றங்களும் அதை விட்டுக்கொடுக்காத விஷயம் இரண்டாவது. போதைப்பொருள் சட்டத்தின் 50-வது பிரிவு அதற்கு முதல் உதாரணம். மூன்றாவது, நடைமுறைப் பிழை மட்டும். சான்று உள்ளே வந்துவிடும். அதன் எடைதான் குறையும். நான்காவது, சான்றில் கோளாறு இல்லை, அதை நிரூபிக்கும் முறையில்தான் கோளாறு: சான்றிதழ் இல்லாத பென் டிரைவ், மூலம் இல்லாத ஜெராக்ஸ்.

கூடை மாறினால் செய்ய வேண்டிய வேலையும் அதைச் செய்ய வேண்டிய நேரமும் மாறும். மூன்றாவது கூடைப் பிழையை முதல் கூடை வாதமாக எடுத்துக்கொண்டு போவதுதான் இளம் வக்கீல்கள் அதிகம் செய்யும் தவறு. நீதிபதி பூரன்மல் தீர்ப்பைக் காட்டி ஒரே வரியில் முடித்துவிடுவார். அதோடு, எடையைக் குறைக்கக் கேட்டிருக்க வேண்டிய குறுக்கு விசாரணைக் கேள்விகளும் கேட்கப்படாமலே போயிருக்கும்.

ஒப்புதல் வாக்குமூலமும் 'எடுத்துத் தருகிறேன்' என்ற வாசகமும்

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்கவே முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27 பிரிவுகள் மூன்றும் இப்போது சாட்சிய அதினியத்தின் 23-வது பிரிவுக்குள் அடங்கிவிட்டன. 27 மட்டும் ஒரு நிபந்தனை வாசகமாக உட்கார்ந்திருக்கிறது. காவலில் இருக்கும் எதிரி சொன்ன தகவலால் ஒரு உண்மை கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் உள்ளே வரும்.

ஒரு வாக்குமூலத்தைப் பாருங்கள்: 'முன்விரோதத்தில் அரிவாளால் வெட்டினேன். ரத்தக் கறை பட்ட சட்டையை எரித்துவிட்டேன். அரிவாளைத் தோட்டத்துப் பம்புசெட் அறையில் உர மூட்டைகளுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன். அழைத்துப் போனால் எடுத்துத் தருகிறேன்.' இதில் மூன்றாவது, நான்காவது வாக்கியங்கள் மட்டுமே நிற்கும். முன்விரோதம், வெட்டியது, சட்டையை எரித்தது எல்லாம் வெளியே. அரிவாள் கிடைத்ததால் 'அரிவாளால் வெட்டினேன்' என்பதும் உள்ளே வந்துவிடாது. கண்டுபிடிக்கப்பட்ட உண்மை, அரிவாள் அங்கே இருப்பது எதிரிக்குத் தெரியும் என்பதுதான். அதை வைத்து என்ன செய்தார் என்பதல்ல. இந்தக் கோட்டை 1947-ல் புலுகுரி கொட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் போட்டது. இன்றுவரை அது அழியவில்லை.

நடைமுறையில் கோட்டைத் தாண்டுவது இப்படித்தான். நகலில் முழு வாக்குமூலமும் தட்டச்சாகி இருக்கும். விசாரணை அதிகாரி முதல் விசாரணையில் (அரசு வக்கீல் அவரைக் கேட்கும் கட்டத்தில்) முழுக் கதையையும் சொல்லத் தொடங்குவார். அந்த நொடியில் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். 'ஒப்புதல் வாக்குமூலத்தின் ஏற்கத்தக்க பகுதி' என்ற பெயரில் குறியிடப்படுவது (சான்றாக எண் கொடுத்துப் பதிவில் சேர்ப்பது) எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிகிறது என்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வரி கூடிப்போயிருந்தால் அதையும் பதிவாகும்படி சொல்லுங்கள்.

அடுத்து, எதிரி சொன்ன வார்த்தைகள் அப்படியே எழுதப்பட்டனவா என்று பாருங்கள். 2022-ல் சுப்ரமண்யா, ராமானந்த் என்ற இரு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே கேட்டது. எதிரி தகவல் சொல்லும் இடத்திலேயே சுதந்திரமான சாட்சிகள் இருக்க வேண்டும், அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் அங்கேயே எழுத்தில் ஏற வேண்டும், பிறகுதான் பொருளைத் தேடிப் புறப்பட வேண்டும். எல்லாம் முடிந்தபின் பம்புசெட் வாசலில் சாட்சிகளைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தால் 23-வது பிரிவின் பாதி காலி. தமிழ்நாட்டில் இந்தச் சாட்சிகள் பெரும்பாலும் விஏஓவும் அவருடைய உதவியாளரும்தான். அவர்களிடம் கேட்க வேண்டியது எளிது: யார் கூப்பிட்டார்கள், எந்த நேரம், எழுத்து மூலமா போனிலா, காவல் நிலையத்துக்குப் போனபோது எதிரி ஏற்கெனவே பேசி முடித்திருந்தாரா, மஹஜர் (கைப்பற்றலைச் சாட்சிகள் முன் எழுதிய பதிவு) யார் கையெழுத்து, இதுவரை எத்தனை வழக்குகளில் சாட்சி.

வற்புறுத்தல் இருந்தால் கண்டுபிடிப்பும் காப்பாற்றாது. குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). 1961-ல் கதி காலு ஓகத் வழக்கில், கட்டாயப்படுத்தி வாங்கிய தகவல் பழைய 27-ன் கீழும் நிற்காது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவை 'சாட்சி சொல்வது' ஆகாது என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். குரல் மாதிரியும் அந்தப் பக்கம் என்பது 2019 ரித்தேஷ் சின்ஹா தீர்ப்பு; இப்போது சன்ஹிதாவின் 349-வது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. நார்கோ (மயக்க மருந்து கொடுத்துக் கேட்பது), பாலிகிராப் (பொய் கண்டறியும் கருவி), மூளை வரைபடம் என்ற மூன்று சோதனைகளையும் சம்மதமில்லாமல் செய்யவே கூடாது என்றது 2010 செல்வி தீர்ப்பு. சம்மதத்தோடு செய்தாலும் சோதனை முடிவு சான்றல்ல. அதன் வழியாகப் பிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டது மட்டும் உள்ளே வரலாம். போனின் கடவுச்சொல்லைச் சொல்ல வற்புறுத்தலாமா என்பதில் தீர்ப்புகள் இரு பக்கமும் இருக்கின்றன. அந்தக் கேள்வி வந்தால் 20(3) ஆட்சேபத்தைக் கட்டாயம் எழுத்தில் கொடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: போலீஸ் அல்லாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல், ஏமாற்றி வாங்கியது என்பதாலோ குடிபோதையில் சொன்னது என்பதாலோ மட்டும் விழாது. பழைய 29-வது பிரிவின் இந்த விதி இப்போது 22-க்குள் இருக்கிறது. 22 தடுப்பது மிரட்டல், ஆசைகாட்டல், வற்புறுத்தல், வாக்குறுதி ஆகியவற்றைத்தான்.

போதைப்பொருள் வழக்குகள்

நடைமுறை மீறல் வழக்கையே கவிழ்ப்பதை இங்கேதான் அடிக்கடி பார்க்கலாம். தண்டனை கடுமை, ஜாமீனுக்கு 37-வது பிரிவுத் தடை, கையில் இருந்தது என்று நிரூபித்துவிட்டால் நிரூபணச் சுமை எதிரி பக்கம் சாய்ந்துவிடும். அதனால்தான் காப்பு விதிகளை நீதிமன்றங்கள் இறுக்கிப் பிடிக்கின்றன.

50-வது பிரிவு: ஒருவர் உடலைச் சோதிக்கும் முன், அருகிலுள்ள கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பதை அவரிடம் சொல்ல வேண்டும். 1999 பல்தேவ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இதைச் சொல்லாமல் எடுத்த பொருளைச் சட்டவிரோத உடைமைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது, அது ஒன்றையே நம்பிய தண்டனை நிற்காது என்றது. பூரன்மல் தீர்ப்பை இங்கே இழுத்துவர முடியாது என்பதையும் அதே அமர்வு விளக்கியது. 2010-ல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில் இன்னொரு ஐவர் அமர்வு 'ஏறக்குறைய பின்பற்றினோம்' என்ற வாதத்துக்கு இடமில்லை என்றது.

ஆனால் 50 உடல் சோதனைக்கு மட்டும். தோளில் தொங்கிய பையில், காரின் டிக்கியில், தலையில் சுமந்த மூட்டையில் கிடைத்தால் இந்தப் பிரிவு உதவாது (பவன் குமார், 2005). ஆகவே முதலில் மஹஜரில் பொருள் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள். பேன்ட் பாக்கெட்டா, பையா? பையையும் சோதித்து உடலையும் சோதித்திருந்தால் 50 ஒட்டும் என்று 2014 பரமானந்த் தீர்ப்பு சொன்னது உண்மை. ஆனால் 2019 பல்ஜிந்தர் சிங்கில், உடல் சோதனை பழுதானாலும் வண்டியில் கிடைத்தது நிற்கும் என்றார்கள். 2023-ல் ரஞ்சன் குமார் சத்தா தீர்ப்பும் இதே திசையில்தான் போனது. 21 கிலோ கஞ்சா மூட்டை வழக்கில் 50-ஐ முதல் வாதமாக வைப்பது நேர விரயம். (கஞ்சாவில் 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, ஒரு கிலோ வரை சிறு அளவு.)

உடலில் இருந்துதான் எடுத்தார்கள் என்றால், நோட்டீசை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். அதில் 'உரிமை உண்டு' என்ற கருத்து இருக்கிறதா, அல்லது 'விருப்பமா' என்று மட்டும் கேட்டிருக்கிறதா? இரண்டு பேர் பிடிபட்டு இருவருக்கும் சேர்த்து ஒரே நோட்டீசா? பரமானந்தில் அது பழுது என்று சொல்லப்பட்டது. தனித்தனியே தெரிவிக்க வேண்டும். மாஜிஸ்திரேட், கெஜட்டட் அதிகாரி என்ற இரண்டோடு 'எங்கள் குழுவில் உள்ள அதிகாரி முன்னிலையிலும் சோதிக்கலாம்' என்று மூன்றாவது வழி காட்டியிருக்கிறார்களா? அதுவும் அதே தீர்ப்பின்படி பழுது. எதிரிக்குத் தெரிந்த மொழியில் இருக்கிறதா? கையெழுத்தின் மேலே எழுதப்பட்ட பதில், நோட்டீஸ் எழுதியவரின் கையெழுத்திலேயே இருக்கிறதா?

42-வது பிரிவு தகவல் பற்றியது. கட்டடம், வாகனம், மூடிய இடம் ஆகியவற்றில் புகும் முன் வந்த ரகசியத் தகவலை எழுத்தில் ஏற்றி, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும். கர்னைல் சிங் (2009) தீர்ப்பின்படி காரணம் காட்டிய தாமதம் பரவாயில்லை, அறவே செய்யாமல் விட்டது கூடாது. பேருந்து நிலையம், சாலை போன்ற பொது இடம் என்றால் 43-வது பிரிவுதான் பொருந்தும், 42 வராது. இதனால்தான் பல வழக்குகளில் பிடித்த இடம் 'பொது இடம்' என்றே எழுதப்பட்டிருக்கும். பார்வை மஹஜரையும் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது வீட்டு வாசலா, தெருவா என்பது தெரியும்.

மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுக்கச் சொல்லும் 52ஏ-வை மீறியதால் 2023-ல் யூசுப் வழக்கில் விடுதலை கிடைத்தது. 2025 ஜனவரியில் பரத் ஆம்பலே தீர்ப்பு, அந்த மீறல் மட்டுமே வழக்கை வீழ்த்தாது, மற்ற சான்றுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தெளிவாக்கிவிட்டது. ஆகவே 52ஏ-வை இப்போது மூன்றாவது கூடையில் வையுங்கள்: முத்திரை, எடை, ஆய்வகத்துக்குப் போன நாள் ஆகியவற்றோடு கோத்து வாதிட வேண்டிய பொருள் அது.

67-வது பிரிவில் போதைப்பொருள் அதிகாரிகள் பதியும் வாக்குமூலம், தூபான் சிங் - தமிழ்நாடு வழக்கில் (2020 அக்டோபர் 29, இரண்டுக்கு ஒன்று) ஒப்புதலாகச் செல்லாது என்று முடிந்துவிட்டது. ஒரு எதிரியைக் கட்டி வைத்திருப்பது இன்னொருவரின் 67 வாக்குமூலம் மட்டுமே என்றால், விசாரணை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஜாமீனிலேயே, விடுவிப்பு மனுவிலேயே (விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்கும் மனு) எடுங்கள். தடுக்கப்பட்ட ஒப்புதலைத் தவிர வேறு எதுவும் இல்லாத வழக்கில் குற்றச்சாட்டே வனையக் கூடாது என்பது 2019 தீபக்பாய் பட்டேல் தீர்ப்பு. விடுவிப்பு மனுவுக்கு இப்போது 60 நாள் கெடு இருக்கிறது. செஷன்ஸ் வழக்கில் அது ஒப்படைப்பு நாளிலிருந்தும் (சன்ஹிதா 250), வாரன்ட் வழக்கில் நகல் கொடுத்த நாளிலிருந்தும் (262) ஓடும்.

சாதாரணத் தேடுதலில் பிழை: எடையைக் குறைப்பது எப்படி

வீட்டுத் தேடுதலுக்கு முன் காரணங்களை எழுத வேண்டும், அந்தப் பதிவை 48 மணி நேரத்துக்கு மேல் தாமதிக்காமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் (சன்ஹிதா 185). இரண்டு சுதந்திரமான, மதிப்புள்ள ஆட்கள் சாட்சியாக வேண்டும். வீட்டில் இருப்பவரை உடனிருக்க விட்டு, பட்டியல் நகலும் தர வேண்டும் (103). தேடுதல், கைப்பற்றுதல், பட்டியலிடுதல், கையெழுத்து எல்லாம் ஒலி-ஒளிப் பதிவாகி மாஜிஸ்திரேட்டுக்குத் தாமதமின்றிப் போக வேண்டும் (105). இவற்றில் ஒன்றை மீறினாலும் பொருள் வெளியே போகாது. 1963 ராதாகிஷன் வழக்கில் சொன்னது இதுதான்: வீட்டுக்காரர் சட்டவிரோதத் தேடுதலைத் தடுத்திருக்கலாம், நீதிமன்றம் கைப்பற்றல் சான்றைக் கூர்ந்து பார்க்கும், ஆனால் கைப்பற்றல் கெட்டுப்போகாது. 105-ல்கூட 'பதிவு இல்லையென்றால் செல்லாது' என்று எங்கும் எழுதவில்லை.

கூர்ந்து பார்க்கும் என்ற அந்த வார்த்தைதான் உங்கள் வாசல். நீதிபதி கூர்ந்து பார்க்க ஏதாவது வேண்டுமே, அதைக் குறுக்கு விசாரணையில் நீங்கள்தான் பதிவில் ஏற்ற வேண்டும்.

மஹஜரைக் கையில் எடுத்தால் முதலில் தலைப்பைப் பாருங்கள். சம்பவ இடத்தில் மாலை 4 மணிக்கு எழுதியதாகச் சொல்லும் மஹஜரில் குற்ற எண் இருக்கிறதா? முதல் தகவல் அறிக்கை 6 மணிக்குத்தான் பதிவானது என்றால், 4 மணித் தாளில் அந்த எண் எப்படி வந்தது? இந்த ஒரே கேள்வி பல பறிமுதல்களை ஆட்டம் காண வைத்திருக்கிறது. பிறகு சேர்த்தோம் என்று பதில் வந்தால், மை ஒன்றா, கையெழுத்து ஒன்றா, இடைவெளி விட்டு எழுதப்பட்டதா என்று தொடருங்கள். அடுத்து நீதிமன்ற முத்திரை. முதல் தகவல் அறிக்கை, மஹஜர், பொருட்கள் ஒவ்வொன்றும் மாஜிஸ்திரேட்டை அடைந்த நாளும் நேரமும் அவர் சுருக்கொப்பத்தோடு இருக்கும். பொருள் மூன்று வாரம் கழித்து வந்திருந்தால் அதுவரை யார் காவலில், எந்தப் பதிவேட்டில், எந்த முத்திரையின் கீழ்? முத்திரை மாதிரி தனியே அனுப்பப்பட்டதா? ஆய்வக அறிக்கையில் 'முத்திரை கலையாமல் இருந்தது' என்பதோடு எடையும் ஒத்துப்போகிறதா?

105-ன் பதிவு இருக்கிறது என்றால் அதைக் கேட்டு வாங்கி முழுதும் பாருங்கள். வீடியோ தொடங்கும்போதே பொருள் மேசை மேல் இருந்தால், தேடுதல் பதிவாகவில்லை. காட்சிக்கு வைத்ததுதான் பதிவாகி இருக்கிறது. பதிவின் நேரமும் மஹஜர் நேரமும் பொருந்தாத இடங்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவே இல்லை என்றால், கையில் ஸ்மார்ட்போன் இருந்ததா, சிக்னல் இருந்ததா, அன்றைய நாட்குறிப்பில் காரணம் எழுதினீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஏன் இல்லை என்பதற்குப் பதில் வராத இடத்தில்தான் சந்தேகத்தின் பலன் பிறக்கிறது.

ஒட்டுக்கேட்பும் ரகசியப் பதிவும்

இரண்டும் ஒன்றல்ல. பேசிக்கொள்ளும் இருவரில் ஒருவர் பதிவது ஒன்று. மூன்றாமவர் நடுவில் இருந்து பிடிப்பது வேறு. 1972 மல்கானி வழக்கில் லஞ்சம் கேட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் பம்பாய் கரோனர் (சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி). மறுமுனையில் பேசிய டாக்டரின் சம்மதத்தோடு, அவர் போனில் லஞ்ச ஒழிப்புப் போலீசார் பதிவுக் கருவியை இணைத்தார்கள். பேச்சு தானாக வந்தது, கட்டாயம் இல்லை. ஏற்கலாம் என்றது நீதிமன்றம்.

மூன்றாமவர் ஒட்டுக்கேட்பு என்றால் உள்துறைச் செயலர் நிலை உத்தரவு, மறுஆய்வுக் குழு என்ற ஒழுங்கு பியுசிஎல் என்ற குடியுரிமை அமைப்பு தொடுத்த வழக்கின் 1996 தீர்ப்பிலிருந்து வருகிறது. அதை மீறினால் என்ன ஆகும் என்பதில் உறுதியான ஒரே பதில் இல்லை. 2005-ல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், நடைமுறைக் குறை இருந்தாலும் பதிவு சான்றாகும் என்றது உச்ச நீதிமன்றம். 2017 புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக்கிய பிறகு, 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் வினித் குமார் வழக்கில் சட்டவிரோதப் பதிவுகளை அழிக்கவே உத்தரவிட்டது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு 2011 ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்து, அதில் கிடைத்த பேச்சுகளை எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றது. இந்த இரண்டிலும் உத்தரவையே ரிட் மனுவில் எதிர்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். விசாரணை நீதிமன்றத்தில் ஆட்சேபத்தோடு நின்றுவிடாமல், உத்தரவு நகலும் மறுஆய்வுக் குழுவின் பதிவும் கேட்டு, கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றம் போவதுதான் பலம்.

பதிவு ஏற்கப்பட்டாலும், குரல் யாருடையது, வெட்டி ஒட்டவில்லையா, காது கொடுத்துக் கேட்கும் தெளிவு இருக்கிறதா, பத்திரமாக முத்திரையிட்டு வைத்தார்களா என்ற ராம் சிங் (1985) கேள்விகள் பாக்கி இருக்கும். இன்னொருவரின் போனைத் திறந்து எடுத்த பதிவு சான்றாக உள்ளே வரலாம். எடுத்தவர் மேல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ல் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய வழக்கு வரலாம் என்பது தனிக் கணக்கு. ஒன்று மற்றதைத் தடுக்காது.

உங்கள் தரப்பே பதிவைத் தாக்கல் செய்கிறது என்றால்: மூலப் போனை அப்படியே வையுங்கள், அதில் எதையும் அழிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பி இறக்கிய நகலைக் கொடுக்காதீர்கள். அனுப்பும்போது கோப்பு சுருங்கலாம், ஹாஷும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள வரிசை) மாறும். மின்னணுப் பதிவுக்குச் சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழில் 'அ' பகுதி கருவியை வைத்திருந்தவர் தருவது, 'ஆ' பகுதி நிபுணர் தருவது. இரண்டிலும் ஹாஷ் மதிப்பு வேண்டும். எஸ்ஹெச்ஏ256 என்றால் 64 எழுத்து-எண் கொண்ட வரிசை. ஒரு பைட் மாறினாலும் முழு வரிசையும் மாறிவிடும் என்பதால், இரண்டு பகுதிகளிலும் உள்ளதை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்காமல் தாக்கல் செய்யாதீர்கள்.

எப்போது எழுந்திருப்பது

சட்டமே தடுத்த சான்றை (முதல் கூடை) எந்தக் கட்டத்திலும் எதிர்க்கலாம். குறியிட்ட பிறகும், மேல்முறையீட்டிலும்கூட. நிரூபிக்கும் முறை பற்றிய குறையோ, ஆவணம் குறியிடப்படும் அந்த நிமிடத்தில் சொல்லாவிட்டால் கைவிட்டதாகிவிடும். 2003 வெங்கடாசல கவுண்டர் தீர்ப்பு இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டியது. செல்போன் அழைப்புப் பட்டியலுக்குச் சான்றிதழ் இல்லை என்பதை விசாரணையில் சொல்லாமல் உச்ச நீதிமன்றத்தில் போய்ச் சொன்னதை 2017 சோனு வழக்கில் ஏற்கவில்லை. காரணம் நியாயமானது: அன்றே சொல்லியிருந்தால் அரசுத் தரப்பு சான்றிதழை வாங்கி வந்திருக்கும். 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பு சான்றிதழ் கட்டாயம் என்று உறுதி செய்தாலும், விசாரணை முடிவதற்குள் அதைக் கொண்டுவரவும் வழி விட்டிருக்கிறது. ஆகவே இந்த ஆட்சேபம் சில நேரம் எதிர்த்தரப்புக்கு ஓட்டையை அடைக்க உதவிவிடும். அதற்காகச் சொல்லாமல் இருந்தால் உரிமை போய்விடும். கசப்பான தேர்வுதான், ஆனாலும் சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

நீதிபதி எப்போதும் அங்கேயே முடிவு சொல்வதில்லை. 2001 பிபின் பஞ்சால் தீர்ப்புப்படி ஆட்சேபத்தைக் குறித்துக்கொண்டு, 'ஆட்சேபத்துக்கு உட்பட்டு' என்று தற்காலிகமாகக் குறியிட்டு, இறுதித் தீர்ப்பில் முடிவு செய்வதே வழக்கமாக இருந்தது; அது கட்டுப்படுத்தாது, கேள்விகள் மீதான ஆட்சேபத்தை அப்போதே அல்லது அந்தச் சாட்சியின் சாட்சியம் முடியும்போதாவது தீர்க்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே வாய்வார்த்தையோடு விடாதீர்கள். சாட்சியத்தில் இப்படி ஒரு வரி ஏறியதா என்று கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள்: 'இவ்வாவணத்தைக் குறியிடுவதற்கு, சாட்சிய அதினியம் 63-ன் கீழான சான்றிதழ் இல்லை என்று எதிரி தரப்பில் ஆட்சேபம். ஆட்சேபத்துக்கு உட்பட்டுக் குறியிடப்படுகிறது.' பிரிவு எண்ணும் காரணமும் இல்லாமல் வெறுமனே 'ஆட்சேபம்' என்று மட்டும் இருந்தால் மேல்முறையீட்டில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இறுதி வாதத்தில் அந்த வரிகளை ஒவ்வொன்றாக நீதிபதிக்கு நினைவூட்ட வேண்டும். தானாக நினைவில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தண்டனையாகி மேலே போனால் சன்ஹிதாவின் 511-வது பிரிவு காத்திருக்கும். நடைமுறைப் பிழையால் நீதி தவறியதா என்பதையும், அந்த ஆட்சேபத்தை முன்னதாகவே எழுப்பியிருக்கலாமா என்பதையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்க்கும். அங்கே முதலில் புரட்டுவது நீங்கள் ஆட்சேபம் சொன்ன நாளின் சாட்சியப் பக்கத்தைத்தான்.